சாயங்காலம் யார் பார்த்துக்கொள்வது?

“நாலு வயசுக் குழந்தை இருக்குன்னு சொன்னீங்களே, சாயங்காலத்துல யார் பார்த்துப்பாங்க?”

பேராசிரியை இப்படிக் கேட்டதும், படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவிக்குச் சுருக்கென்றது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வக்கீல்’ என்றே பெயர். முனைவர் பட்டத்தில் இப்போதுதான் பாதி தூரம் வந்திருக்கிறாள். வாதாடுவதில் எப்போதோ பட்டம் வாங்கியாகிவிட்டது.

நேர்காணலுக்கு வந்திருந்தவள் தடுமாறினாள். முனைவர் பட்டம் முடித்த கையோடு குழந்தைக்காக வீட்டில் இருந்துவிட்டவள். மறுபடி ஆராய்ச்சிக்குள் கால் வைக்க, இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வாசல் இல்லை. திரையில் அவள் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. மீன் முட்டைக்குள், கடுகைவிடச் சின்ன இதயம் முதல்முதலாகத் துடிக்கிற காட்சி.

“காப்பகத்தை ஆறு மணிக்கு மூடிடுவாங்க மேடம். அதுக்கு மேல… கொஞ்சம் கஷ்டம்.”

“சரிம்மா, வெளியில உட்காருங்க. கூப்பிடறோம்.”

கதவு சாத்தியதுதான் தாமதம், வக்கீல் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், இதே கேள்வியை ஒரு ஆம்பளைகிட்ட கேட்டிருப்பீங்களா?”

“ஆரம்பிச்சுட்டியா?”

“காலையில வந்தவருக்கு இரட்டைக் குழந்தைங்க. அவரே சொன்னார். ‘அப்படியா, சந்தோஷம்’னீங்க. யார் பார்த்துக்கறாங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்கல. தப்புதான்.”

ஒப்புக்கொண்டது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று.

“அவர் காட்டின படம் பாதி மங்கல். இந்த அக்கா எடுத்ததைப் பாருங்க, கண்ணு முன்னால துடிக்குது! படத்தைப் பார்த்து வேலை குடுங்க மேடம், வீட்டைப் பார்த்து இல்ல. பொண்ணுக்குப் பொண்ணே குழி பறிச்சா நாங்கல்லாம் எங்க போறது?”

“மூச்சு விட்டுக்கோ. எனக்கும் அவங்கதான் வேணும். ஆனா உயிரோட இருக்கறதைப் படம் எடுக்கறது, பட்டனைத் தட்டிட்டு வீட்டுக்குப் போற வேலையா? அது நகரும், புரளும். பக்கத்துலயே உட்கார்ந்து ஃபோகஸைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். நம்மகிட்ட இருக்கறது ஒரே மைக்ராஸ்கோப். சாயங்காலம் மட்டுந்தான் காலி. அதனாலதான் கேட்டேன்.”

“அப்போ காலையில குடுங்க! நேரத்தை மாத்தறது என்ன மலையைப் புரட்டற வேலையா? ஒரு அம்மாவுக்காக இந்த ஆய்வுக்கூடம் இதுகூடச் செய்யாதா?”

பேராசிரியையின் முகம் மலர்ந்தது.

“நிஜமாத்தான் சொல்றியா? நீ மாட்டேன்னுடுவியோன்னுதான் வாயைத் திறக்காம இருந்தேன். காலையில அந்த மைக்ராஸ்கோப்ல உட்கார்றது நீதானே? நீ சாயங்காலத்துக்கு மாறிக்கோ. வேலை உங்களுக்குத்தான்னு இந்த நிமிஷமே அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

வக்கீல் கதவுப் பக்கம் திரும்பினாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தபடி அந்தப் பெண் போனில் குழந்தைக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நானா? சாயங்காலமா?” என்றாள் வக்கீல். “ஐயோ மேடம், எங்க வீட்ல விட மாட்டாங்க!”