ரெண்டு மணிக்கூர் மெஷின்

மூத்த மருமகள் மூன்றே மாதத்தில் தனிக்குடித்தனம் போனதிலிருந்து, இனயம் ஊர் செலினுக்கு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் சந்தேகம்தான். இளையவனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்திலும், மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் அபிஷாவைத் துருவினாள்.

"நீ செய்ற மெஷின் எம்புட்டு நாள் ஓடும் மக்கா?"

"ரெண்டு மணிக்கூர் ஓடினா பெரிசு, மாமி. பிறவு சூட்டுல வெந்து போவும்."

"ரிப்பேர் பாக்க ஆளில்லியா?"

"அங்க மனுசன் போவ முடியாது."

ஏதோ ஏமாற்றுக் கம்பெனி என்று செலின் முடிவே கட்டிவிட்டாள்.

"அப்படி எந்த ஊருக்கு அனுப்புதிய?"

"வெள்ளிக் கிரகத்துக்கு. நமக்குப் பக்கத்துக் கிரகம்தான், ஆனா ஈயமே உருகுற சூடு. இதுவரை இறங்கின மெஷின் ஒண்ணும் நிலைக்கல்ல. கூடுதல் நேரம் தாங்க வைக்கதுதான் எனக்க வேலை."

பக்கத்தில் இருந்த கணவர் செலினின் காதோடு சொன்னார்.

"ஏட்டி, பேசி முடி. நம்ம வீட்டுச் சூட்டுக்கு இவதான் சரி."