விலக்கிவிட வந்தவர்கள்

மணிக்கட்டில் பிடி விழுந்ததும் அவள் யோசிக்கவே இல்லை.

பிடித்தவனுடைய கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுத்தாள். பிடி கழன்றது. கராத்தே வகுப்பில் கழன்ற மாதிரியே.

அங்கே அவளுக்கு ஆணி என்று பட்டப்பெயர். காலை ஊன்றிவிட்டால் யாராலும் நகர்த்த முடியாது. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தெருவில் இறங்கியிருந்தாள்.

அவன் மறுபடி வந்து கூந்தலைக் கொத்தாகப் பற்றினான். அவள் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் ஒன்று கொடுத்தாள்.

மூக்கு உடைந்தது. அவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

அதுவரை தெரு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழவில்லை. காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் ஒதுங்கி நின்றிருந்தார்.

அவன் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுகிற குரலில் சொன்னான்.

"பாத்துக்கங்க. கட்டின புருஷன நடுரோட்டுல போட்டு அடிக்கிறா."

தெரு அசைந்தது.

"யாருடா நீ? எனக்கு யாருடா நீ?" என்று அவள் கத்தினாள்.

"கோவம் வந்தா எல்லாப் பொண்டாட்டியும் கேக்குறதுதான் இது" என்றார் மருந்துக்கடைக்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் இன்னும் என்னென்னவோ கத்தினாள். காய்கறிப் பை அம்மாள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். "வீட்டு விஷயத்த வீதியில வச்சுக் கத்தாதடி, பொண்ணே."

ஒருவர் வலது கையைப் பிடித்தார், ஒருவர் இடது கையை. இவர்களை எப்படி அடிப்பது? அடிக்க வருகிறவனை எதிர்க்கத்தான் அவள் பழகியிருந்தாள். இவர்கள் விலக்கிவிட வந்தவர்கள். ஒருவருக்கு அப்பா வயது. அந்த அம்மாளின் கையில் கொத்துமல்லி வாசம் அடித்தது.

ஆணியை எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கினார்கள்.

அவன் நிதானமாக எழுந்து வந்தான். பிடிபட்டு நின்றவளின் கன்னத்தில் அறைந்தான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

அவன் கைகாட்டி ஒரு டாக்சியை நிறுத்தினான். அவளை உள்ளே தள்ளவும் ஆள் இருந்தது. அவள் கதவில் காலை ஊன்றி உதைத்தாள். கண்ணாடி நொறுங்கியது. டிரைவர் திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க, பேசித் தீத்துக்கலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். அவன் தயங்கினான். ஆனால் அடிபட்டவன் அல்லவா, ஊரே தோளில் கைபோட்டு அவனை அழைத்துப் போனது.

ஸ்டேஷனில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். மூக்கில் வைத்துக்கொள்ளத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியும் வந்தது. அவளை நிற்க வைத்தார்கள்.

அவள் வாயைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "நீ பேசாதம்மா. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்." அவளுடைய போனை வாங்கி அம்மாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க பொண்ணு மாப்பிள்ளையோட மூக்க உடைச்சிட்டாம்மா. வந்து புத்தி சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது.

"எந்த மாப்பிள்ளை சார்? அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

எல்லோரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் கட்டி மட்டும் அதில் உருகிக்கொண்டிருந்தது.

ஒரு கான்ஸ்டபிள் வாசலுக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

மருந்துக்கடைக்காரர் அவளைக் கோபமாகப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.