மூச்சு வாங்கும் இடம்

அது எந்தச் செவ்வாய்க்கிழமை என்று வால்புர்காவுக்குச் சரியாக நினைவில்லை. நடந்தது அப்படித்தானா என்பதிலேயே அவளுக்குச் சந்தேகம் உண்டு.

ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரப் பாடகர் குழுவில் ஆகத் தாழ்ந்த பெண்குரலுக்கு இருந்தது இரண்டே பேர், அவளும் ஹெட்விக்கும். ஆற்றிடம் விடைபெறும் ஒருவனைப் பற்றிய ரொமான்டிக் காலத்துப் பழைய கவிதை ஒன்றைக் குழுவாகப் பாடுவார்கள். அதன் கடைசிச் சொல் அறுபடாமல் நீள வேண்டும். அதனால் முதலில் வால்புர்கா மூச்சு வாங்குவாள், அவள் மறுபடி சேர்ந்ததும் ஹெட்விக் வாங்குவாள். முப்பது வருடமாக இந்த முறை மாறியதில்லை.

"ஹெட்விக் குரல் நடுங்குது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று குழுவை நடத்தும் டோர்ஸ்டனிடம் அதற்கு முந்தைய கோடையில் சொன்னது வால்புர்காதான். ஹெட்விக் விலகிக்கொண்டாள். பனிக்காலத்தில் இறந்தும் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் வால்புர்கா பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே மூச்சு வாங்கிவிட்டாள். பக்கத்து இடம் காலி; ஆனாலும் சுரம் அறுபடவில்லை.

"அடேங்கப்பா, ஒத்தை ஆளா இவ்வளவு நேரம் இழுக்குறீங்களே! மீன் மாதிரி செவுள் கிவுள் முளைச்சிருச்சா?" என்றார் டோர்ஸ்டன். எல்லோரும் சிரித்தார்கள்.

கச்சேரியன்றும் அவள் தன் முறைக்கு மூச்சு வாங்கினாள். சுரம் அறுபடாமல் நீண்டது. ஹெட்விக்கின் முறை வந்தபோது, சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல, நெஞ்சு வலிக்க வலிக்க இழுத்துப் பிடித்தாள். பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அந்த மூச்சு பாட்டாகத் திரும்பி வரவேயில்லை.

டோர்ஸ்டன் வேறு ஊருக்கு மாறிப் போனார். மறுவருடம் குழு கலைந்தது. வால்புர்கா பிறகு பாடவில்லை.