கூடத்திலிருந்து எழுந்து போனவர்கள்

நான் நினைவு வைத்திருப்பது சரிதானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்று சமுதாயக் கூடத்தில் மின்விசிறி ஓடியதா, நின்றிருந்ததா என்று கேட்டால்கூட உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தக் கைகளை மட்டும் மறக்கவில்லை.

வாரம் தவறாமல் நகராட்சி அதிகாரி அங்கே மேடையேறி எங்கள் பகுதி நிலவரத்தைச் சொல்வார். அன்று முதலில் தெருவிளக்கு. பிறகு குப்பை வண்டி. பிறகு வரி கட்டுவதற்கான அவகாசம்.

யார் காதிலும் அது ஏறவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பற்றி அவர் சொல்வதற்காகக் காத்திருந்தோம்.

எங்கள் தெருவில் வாந்தியும் காய்ச்சலுமாகப் படுத்த குழந்தைகளில் சிலர் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. கொதிக்கவைக்காத தண்ணீரை ஒரு சொட்டுகூட வாயில் வைக்காதீர்கள் என்று இதே மேடையில் இதே அதிகாரிதான் சொல்லியிருந்தார்.

என் மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும்வரை என் மூச்சு நின்றிருக்கும்.

அதிகாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். அவர் பேசுவதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள். எங்கள் பகுதியில் அப்படிச் சில குடும்பங்கள் இருந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் அவர்களில் இருவர். அன்று எனக்கு இடப்பக்கம் அவர்கள். வலப்பக்கம் என் நாத்தனார்.

"கல்யாண வீட்டுல மைக் கிடைச்ச பெரியப்பா மாதிரி இழுக்கறாரே இந்த ஆளு. தண்ணி என்னாச்சுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!" என்றாள் நாத்தனார்.

"குடிநீர் சோதிக்கப்பட்டுவிட்டது" என்றார் அதிகாரி.

நிறுத்தினார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். பிறகு விரல்களை விரித்து அப்பால் தள்ளினாள். குடிக்கலாம் என்பதற்கு அதுதான் சைகை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனி கொதிக்கவைக்கத் தேவையில்லை."

மறுபடியும் நிறுத்தினார். இத்தனை சின்ன வாக்கியத்துக்கு அவள் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் முகம் வெளிறியிருந்தது.

கூடம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். வயதானவர்கள்கூட எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மகள் பசியில் அழ ஆரம்பித்திருந்தாள். வீட்டில் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. நாத்தனார் காலிப் பால்புட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடத்துக் குழாயடிக்குப் போனாள். அங்கேயே ஒரு தம்ளர் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். புட்டியில் பால்பொடி போட்டுக் குலுக்கியபடி வந்தாள்.

"அப்பாடா! வெந்நீர் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. இந்தா, குழந்தைக்குக் கொடு."

புட்டியை மகளின் உதட்டருகே கொண்டுபோனேன்.

அப்போதுதான் இடப்பக்கம் நாற்காலி நகர்ந்தது. தையல்காரர் எழுந்து நின்றார். முன்வரிசையில் இருவர் எழுந்தார்கள். கதவோரம் ஒரு குடும்பமே எழுந்தது.

கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே காது கேளாதவர்கள் மட்டும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, நடக்க முடிந்த அளவு வேகமாக நடந்தார்கள்.



தையல்காரரின் மனைவி போகிற போக்கில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். புட்டியைக் காட்டினாள். மேடையில் நான் பார்த்த அதே சைகை: கையைக் குவித்து வாயருகே வைத்தாள், விரல்களை விரித்து அப்பால் தள்ளினாள். பிறகு கண்களை மூடித் தலையைத் தோளில் சாய்த்தாள்.

நாத்தனார் சிரித்தாள்.

"மைக்குல சொல்ற ஆபீசருக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்! புள்ள கத்துது பாரு, கொடுடி."

மகள் வாயைத் திறந்து புட்டியைத் தேடினாள்.

நான் மேடையைப் பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அதிகாரி கூட்டத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் குடும்பம் வாசலைத் தாண்டும்வரை அவர் அடுத்த வார்த்தையைப் பேசவில்லை.

புட்டியைத் திறந்து தரையில் கவிழ்த்தேன்.

நாத்தனார் அடுத்த வாரக் கூட்டத்துக்கு இல்லை. கைதட்டியவர்களின் வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. தையல்காரரும் அவர் மனைவியும் இன்றும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் என் மகள் அவர்களோடு கைகளால் சண்டைகூடப் போடுகிறாள்.

கூட்டம் நடந்த அன்று காலை, தண்ணீர் இன்னும் கெட்டுத்தான் இருக்கிறது என்று ஆய்வகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை எடுத்தவள் அந்தச் சைகைப் பெண். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

அதிகாரியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். "மேலிடம் எழுதிக்கொடுத்ததை ஓரெழுத்து மாறாமல் வாசித்தேன், அந்தப் பெண்ணின் கைகள் என்ன சொல்லின என்பது எனக்குத் தெரியாது" என்று அவர் விசாரணையில் சொன்னாராம்.

அவருடைய அம்மா பிறவியிலேயே காது கேளாதவர்.