இரண்டு பச்சைப் புள்ளி

சிவப்பு வயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்தாள்.

தோலைத் துப்பினாள். நான்கு நாள் கோபமும் அதோடு சேர்ந்து விழுந்தது.

படகுக் கொட்டகையின் மணல் தரையில், அவள் முன்னால், பழைய கைப்பிடி ரேடியோ. நாலு தடி பேட்டரிக் கட்டை போட்டால்தான் அது பேசும். அந்தக் கட்டை ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. புயல் அடித்த அன்றே டார்ச்சுக்கென்று வாங்கித் தீர்த்துவிட்டார்கள்.

மின்சாரம் இல்லை. செல்போன் டவர் தென்னைகளோடு தென்னையாகச் சாய்ந்து கிடக்கிறது.

இருப்பது கொழுந்தன் கிளீட்டஸின் துளை போடும் மெஷினில் இருந்து கழற்றிய பேட்டரி ஒன்றுதான். அதன் நெற்றியில் சார்ஜ் காட்டும் நாலு புள்ளிகள். இரண்டு மட்டும் பச்சையாக எரிந்தன.

"மைனி, செய்தியக் கேட்டுட்டு உடனே தந்துரணும். பன்னெண்டு ஓட்ட போடணும். இது தீந்துதுன்னா நான் நகத்தாலதான் தோண்டணும்."

கரையில் மிஞ்சியது ஒரே வள்ளம். அதன் அடியிலும் ஒரு முழத்துக்குப் பிளவு. பலகை வைத்து, துளை போட்டு, போல்ட் முடுக்கிவிட்டால், புயலில் திரும்பாதவர்களைத் தேடப் போகலாம். கிளீட்டஸோடு இன்னும் மூன்று பேர் தயார்.

ஊர்க் கமிட்டித் தலைவர்தான் கையை நீட்டித் தடுத்தார்.

அரசாங்கக் கப்பல் தேடப் போயிருக்கிறதா என்று முதலில் கேட்போம். போயிருந்தால் இன்னும் நாலு பேரை ஏன் அந்தக் கடலுக்குக் கொடுக்க வேண்டும்?

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பேட்டரி பதினெட்டு வோல்ட். ரேடியோ ஆறு வோல்ட். நேரே கொடுத்தால் கருகிவிடும். நடுவில் பங்குச் சாமியாரின் காரில் இருந்து பிடுங்கி வந்த போன் சார்ஜரை வைத்தாள். பதினெட்டை ஐந்தாக்கி விடும். ஆறு கேட்கிற ரேடியோ ஐந்துக்கும் வாய் திறக்கும்.

"ரேடியோவுலயும் ஓட்ட போடப் போறாளா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

முழங்காலுக்கு அடியில் நோட்டுப் புத்தகம். ஒன்பது வள்ளங்கள். முப்பத்தொரு பேர். பெயர், வயது, வள்ளத்தின் எண், கிளம்பிய நேரம். கணவன் என்பதற்காக ராயப்பனை அவள் முதலில் எழுதவில்லை. கிளம்பிய வரிசையில் அவன் பதினேழாவது. பதினேழில்தான் எழுதினாள்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு: திரும்பிய நேரம்.

நேற்று ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். பட்டியலின் நகலை நீட்டினாள்.

"ஆப்ல ஏத்தி விட்டுருங்கம்மா."

விழுந்து கிடந்த டவரைக் கையால் காட்டினாள். அவர் ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கறுப்பு வயரை வைத்து அழுத்தினாள்.

ரேடியோ இரைந்தது. வண்டுக் கூட்டம் புகுந்ததுபோல் ஒரே இரைச்சல். சார்ஜர் போடுகிற சத்தம். சார்ஜரைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். வயரை ஒரு கை நீளத்துக்கு ஒட்டு போட்டு, டின்னைத் தள்ளி வைத்தாள்.

இரைச்சல் தணிந்தது. அலைவரிசை முள்ளைத் துளித் துளியாக நகர்த்தினாள்.

ஒரு குரல்.

கொட்டகையில் இருமல்கூட நின்றது.

தெளிவான குரல். அவசரமே இல்லாத குரல். கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் அனைவரும் பாதுகாப்பாகக் கரை திரும்பிவிட்டதாக அது சொன்னது. தேடும் பணிக்கு அவசியம் எழவில்லை என்றும் சொன்னது.

"வந்துட்டாவளாம்லா!"

வியாகுலம் அக்கா எழுந்து ஓடினாள். ராயப்பனின் வள்ளத்தில்தான் அவள் மகனும் போயிருந்தான். அலை தொடும் இடம் வரை ஓடி, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள்.

பார்த்தபடியே நின்றாள்.

கொட்டகையில் எல்லாக் கண்ணும் ரேடியோவை விட்டு நோட்டுப் புத்தகத்துக்கு வந்தது. அவள் அதைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள்.

முப்பத்தொரு வரி. கடைசிக் கட்டத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"எந்தக் கரைக்கு வந்தாவளாம்?" என்று கேட்டாள்.

ரேடியோவிடம் கேட்டாளா, தலைவரிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

ரேடியோ விளையாட்டுச் செய்திகளுக்குப் போயிருந்தது. யாரோ எங்கோ நாலு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்கள்.

சிவப்பு வயரைப் பிடுங்கினாள். ரேடியோவைத் தூக்கித் தலைவரின் மடியில் வைத்தாள். அவர் அதைக் குழந்தையைப்போல் பிடித்துக்கொண்டார்.

பேட்டரியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இரண்டு புள்ளியும் பச்சையாகவே எரிந்தன.

"போடு, கிளீட்டஸ்."

இந்தத் தடவை யாரும் கை நீட்டவில்லை.

மெஷின் உறுமியது. முதல் துளை. இரண்டாவது. பைபர்த் தூள் வெள்ளையாகப் பறந்து அவள் தலையில் விழுந்தது. எட்டாவது துளையில் ஒரு புள்ளி அணைந்தது. பன்னிரண்டாவதுக்கு மெஷின் முனகியது. நின்றுவிடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

துளை விழுந்தது.

போல்ட்டுகளை முடுக்கி, வள்ளத்தைத் தள்ளினார்கள். தலைவரும் ரேடியோவை இறக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

அவள் மணலில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு. கிளீட்டஸ். வயது, வள்ளத்தின் எண், கிளம்பிய நேரம்.

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.

கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை.

பேனாவை மூடவும் இல்லை.