வாசல் ஸ்டூல்

கிளேட்டனில் தர்மினி வீட்டு வாசலில் கானா நாட்டு மர ஸ்டூல் ஒன்று இருந்தது. வடிவான செதுக்கு வேலை. அதன்மேல்தான் சப்பாத்துகளைக் கழற்றி வைப்பார்கள்.

கூட வேலை செய்யும் கானாப் பெண் அபேனா, வீட்டுக்கு வந்தவள், அதைக் கண்டு சொன்னாள்: “இருந்த ஆள் எழும்பினதும் நாங்கள் இதைச் சரித்து வைப்போம். நிமிர்ந்திருந்தால் செத்தவர்கள் வந்து அதில் குந்துவார்கள்.”

தர்மினிக்கு முகம் கறுத்தது. சப்பாத்துகளை இறக்கி ஸ்டூலைச் சரித்து வைத்தாள்.

விடிய அது நிமிர்ந்திருந்தது. தொட்டால் சூடு. கணவனைக் கேட்டாள்.

“நீங்களோ நிமிர்த்தினது?”

“நான் இப்பத்தானே எழும்பினனான்.”

இத்தனை வருசமும் யாருடைய மடியில் சப்பாத்து வைத்தோம் என்று நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. தேத்தண்ணி ஊற்றி ஸ்டூலுக்கு முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பின்னேரம் தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. பக்கத்தில் வீட்டுச் சப்பாத்துகள் எல்லாம் துடைத்து, சோடி சோடியாக அடுக்கப்பட்டிருந்தன.