துணைப் புரதம்

காது கேளாத சவரிமுத்துவுக்குப் போன முறை சிகிச்சையில் உள்காதில் ஒரு புரதத்தின் அளவை மட்டும் கூட்டி ஏமாந்தார்கள். கைகோக்கத் துணை போதாமல் அது வீணாய்ப்போனது. இந்த முறை டாக்டர் துணைப் புரதத்தையும் சேர்த்தே கூட்டிவிட்டு, சவரிமுத்துவின் மனைவி அமலோற்பவத்திடம் சொன்னார்:

"கோடி வருஷமா ரெண்டோட அளவும் சேர்ந்தேதாம்மா ஏறி எறங்கியிருக்கு. ஒண்ண மட்டும் ஏத்துனா எப்படி?"

வாரம் ஓடியது. மாற்றமே இல்லை. மீன் அரிந்துகொண்டிருந்த அமலோற்பவம், நாற்காலியில் ஈரத்துண்டைப் போட்ட கணவரின் முதுகைப் பார்த்து வழக்கம்போல் முணுமுணுத்தாள்.

"மரமண்ட!"

சவரிமுத்து திரும்பினார். "ஏட்டி, யாரு மரமண்ட?"

அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. மீன் கையாலேயே அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, இன்னும் சன்னமாகத் திட்டிப் பார்த்தாள்.

அதுவும் கேட்டது.